மார்கழியில் மூன்று நாள்: காஞ்சியும் கூரமும்

அரையாண்டுப் பரீட்சை முடிந்து மார்கழியில் பள்ளிக்கூடங்களுக்கு விடுகிற விடுமுறை பத்து நாளுக்கு மேற்படாது. அதிலும் உபாத்தியாயர்களுக்கு விடைத்தாள் கட்டுகள் துணைக்கு வந்துவிடும். அவற்றைத் திருத்தி ஒப்படைத்து, உறவினர் வீடுகளுக்கும் ஒரு சுற்றுத் தலையைக் காட்டிய பிறகு, மிச்சம் நிற்பவை மூன்றே நாட்கள். அந்த மூன்று நாட்களை எங்கே கழிப்பது என்பது பற்றி நம் வீட்டில் நடக்கும் விவாதத்தைச் சட்டசபையில் நடத்தினால், பத்திரிகைகளுக்கு ஒரு மாதத்துக்கு விஷயம் கிடைக்கும்.

இவ்வருஷம் முதல் பிரேரணை நம் சிரஞ்சீவியிடமிருந்து வந்தது. ஏழாம் வகுப்பில் வாசிக்கும் அவன், குளிர்காலத்தில் குளிர்ப் பிரதேசத்துக்குப் போவதே நியாயம் என்று வாதித்து உதகமண்டலத்தைச் சொன்னான். காலேஜில் வாசிக்கும் மூத்த பெண் கைபேசியிலிருந்து தலையை நிமிர்த்தாமலே அதை ஆமோதித்தாள். இல்லத்தரசிக்கோ, தை மாதத்தில் நடக்கவிருக்கும் தன் அண்ணன் மகள் கல்யாணத்துக்குப் பட்டுப் புடவை எடுத்தாக வேண்டும். எழுபத்தாறு வயதான நம் தாயார், "வரதரை ஒரு தடவை பார்த்துவிட்டு வரலாமேப்பா" என்று மட்டும் சொன்னார். சபையில் மிகக் குறைவாகப் பேசியவர் அவரே. தீர்மானம் அவர் பக்கமே நிறைவேறிற்று. ஐந்து பேர் ஊட்டிக்குப் போய்வர ஆகும் செலவை நாம் ஒரு காகிதத்தில் கூட்டிக் காட்டியதும் எதிர்க்கட்சி அடங்கிப்போயிற்று என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

காஞ்சீபுரத்துக்கு ஜனங்கள் எப்போதும்தானே போகிறார்கள், மார்கழிக்கு மட்டும் என்ன விசேஷம் என்று நேயர்கள் கேட்கக்கூடும். சித்திரை, வைகாசியில் போனவர்களுடைய உள்ளங்காலைக் கேட்டால் பதில் கிடைக்கும். பிராகாரத்துக் கருங்கல், வெயில் ஏறிய பின் தோசைக்கல்லாகிவிடும். சிற்பத்தைப் பார்க்க வந்தவர்கள் நிழல் எங்கே என்று பார்த்து ஓடுவார்கள். மார்கழியிலோ காலை பத்து மணிக்கும் கல் குளிர்ந்தே இருக்கும். வடகிழக்குப் பருவமழை கொட்டி ஓய்ந்து, சுற்று வட்டாரத்து ஏரிகள் நிறைந்திருக்கும் காலமும் அதுவே. இன்னொரு லாபமும் உண்டு. மார்கழியில் கல்யாணம் இல்லை. முகூர்த்த மாதங்களில் பட்டுக் கடைகளிலும் தங்கும் விடுதிகளிலும் இருக்கும் நெரிசலில் பாதிகூட அப்போது இராது. ஆனால் வைகுண்ட ஏகாதசி அன்றைக்கு மட்டும் பெருமாள் கோயில்களின் பக்கம் குழந்தைகளோடும் முதியவர்களோடும் போக உத்தேசிப்பவர்கள் இரண்டு தடவை யோசிப்பது நல்லது.

பெரிய ஸ்தலங்களுக்குக் குடும்பத்தோடு போவதற்கு முன், ஒருவர் தனியாகப் போய் வழி வகைகளை விசாரித்து வருவது நம் வழக்கம். கார்த்திகை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதிகாலையில் தாம்பரத்தில் ரயிலேறினோம். சென்னைக் கடற்கரையிலிருந்து புறப்பட்டுச் செங்கற்பட்டு வழியாகக் காஞ்சிக்குப் போகும் மின்சார ரயில் அது. பேருந்தைவிட இது மெதுவாகவே போகிறது. ஆயினும் இதையே சிபாரிசு செய்கிறோம். செங்கற்பட்டைத் தாண்டியதும் பாதை மேற்கே திரும்பிப் பாலாற்றைத் துணைகொண்டு ஓடுகிறது. பாலூர், பழைய சீவரம், வாலாஜாபாத் என்று நிலையங்கள் வரும். இரு பக்கமும் நெல் வயலும், ஏரியும், கொக்குக் கூட்டமும். வருஷத்தில் பெரும்பகுதி மணலாகக் கிடக்கும் பாலாறு, மழைக்குப் பிறகு சில வாரங்களேனும் ஆறு என்ற பெயருக்குத் தக்கபடி இருப்பதை ஜன்னலிலிருந்தே பார்க்கலாம். முழங்கால் வலியுள்ள முதியவர்களுக்குப் பேருந்தின் குலுக்கலைவிட ரயிலின் தாமதம் மேலானது.

பழைய சீவரத்தைப் பற்றி இங்கேயே ஒரு வார்த்தை. இவ்விடத்துக்கு எதிர்க்கரையில் பாலாறும் வேகவதியும் செய்யாறும் கூடும் இடமே திருமுக்கூடல். மாட்டுப் பொங்கலன்று காஞ்சி வரதராஜப் பெருமாள் பார்வேட்டைக்காகப் பழைய சீவரத்துக்கு எழுந்தருளி, ஆற்றைக் கடந்து திருமுக்கூடலுக்குப் போவார். சுற்றுவட்டாரப் பெருமாள்களும் அங்கே வந்து சேருவார்கள். திருமுக்கூடல் கோயிலில் வீரராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. பதினோராம் நூற்றாண்டில் அக்கோயிலைச் சேர்ந்து ஒரு வேத பாடசாலையும், 15 படுக்கைகள் கொண்ட ஓர் ஆதுலர் சாலையும் நடந்ததை அது தெரிவிக்கிறது. வைத்தியர், சல்லியக்கிரியை செய்பவர், மூலிகை கொண்டுவருபவர், நோயாளிகளைப் பேணும் பெண்கள் ஆகியோருக்கு என்ன ஊதியம், எந்தெந்த மருந்து கைவசம் இருக்கவேண்டும் என்பது வரை கல்லில் வெட்டியிருக்கிறார்கள். பொங்கல் விடுமுறையில் பயணம் வைத்துக்கொள்பவர்கள் இதைத் தவறவிடக் கூடாது.

காஞ்சியில் கோயில்களுக்குக் குறைவில்லை. குறைவாக இருப்பது நேரமே. பகல் பன்னிரண்டு மணி சுமாருக்கு நடை சாத்தினால் மாலை நாலு மணிக்குத்தான் திறக்கிறார்கள். மூன்று நாளைக்குள் எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்று கிளம்புகிறவர்கள் கோபுரங்களை எண்ணிக்கொண்டு வந்து சேருவார்கள். நாம் வகுத்த திட்டத்தில், முதல் நாள் மாலைக்குக் காமாட்சியம்மன் கோயிலும் ஏகாம்பரநாதர் கோயிலும் போதும். ஏகாம்பரநாதர் பஞ்சபூத ஸ்தலங்களில் பிருதிவி லிங்கம். தெற்கே நிற்கும் ராஜகோபுரம் கிருஷ்ணதேவராயர் 1509-இல் எழுப்பியது. உயரம் ஏறக்குறைய 190 அடி. அதன் அடியில் நின்று அண்ணாந்து பார்க்கும்போது நம் சிரஞ்சீவிக்கு உதகமண்டலம் மறந்துபோகும் என்று நம்புகிறோம்.

இரண்டாம் நாள் காலை கைலாசநாதர் கோயிலுக்கு. இங்கே மட்டும் அவசரப்படலாகாது. ராஜசிம்ம பல்லவன் கி.பி. 700-ஐ ஒட்டிக் கட்டிய இக்கோயிலின் மேற்கட்டெல்லாம் மணற்கல். மணற்கல் சிற்பிக்கு வெகு இணக்கமானது. மழைக்கும் காற்றுக்கும் அதைவிட இணக்கமானது. ஆகவே பல சிங்கங்களுக்கு முகம் கரைந்துவிட்டது. பிற்காலத்தார் பூசிய சுதை சில சிற்பங்களைக் காப்பாற்றியும் பலவற்றைப் பருமனாக்கியும் வைத்திருக்கிறது. முற்றத்தைச் சுற்றி 58 சிறு கோயில்கள் வரிசையாக நிற்கின்றன. அவற்றுள் சிலவற்றின் உட்சுவரில் பல்லவர் காலத்து வண்ணத்தின் மிச்சம் தெரியும். 1931-இல் ழூவோ துப்ரேய் என்ற பிரெஞ்சு அறிஞர் கண்டு சொல்லும் வரையில் அவை உலகத்தின் கண்ணுக்குப் படாமல் இருந்தன. ஒரு கன்னம், ஒரு கண், கிரீடத்தின் ஒரு விளிம்பு, இவ்வளவுதான் மிஞ்சியிருக்கிறது. அதற்கே கால் மணி நேரம் நிற்கலாம்.

சரித்திரம் கற்பிக்கும் நமக்கு அக்கோயிலில் மிகவும் உவப்பானது ஒரு தூணில் உள்ள கன்னடக் கல்வெட்டு. பல்லவருக்கும் சாளுக்கியருக்கும் தலைமுறை தலைமுறையாகப் பகை. எட்டாம் நூற்றாண்டில் இரண்டாம் விக்கிரமாதித்தன் காஞ்சியைப் பிடித்தான். பிடித்தவன் கொள்ளையடிக்கவில்லை. ராஜசிம்மேசுவரத்தின் செல்வத்தைப் பார்வையிட்டு, அதைக் கோயிலுக்கே திருப்பிக் கொடுத்தான் என்று அந்தக் கல்வெட்டு சொல்லுகிறது. அவனுடைய அரசி லோகமகாதேவி பட்டதக்கல்லில் கட்டுவித்த விரூபாக்ஷர் கோயிலில் காஞ்சிச் சிற்பிகளின் சாயல் நன்றாகத் தெரியும். போரில் ஜெயித்த தேதிகளை மட்டும் மாணவர்களுக்கு ஒப்பிக்கக் கொடுக்கும் நாம், இந்தத் தூணையும் பாடத்தில் சேர்த்துக்கொண்டால் நல்லது என்பது நம் தாழ்மையான அபிப்பிராயம்.

கைலாசநாதர் கோயிலுக்குப் போகும் வழியே பிள்ளையார்பாளையம். தறிச் சத்தம் கேட்கும் தெருக்கள் அவை. நாம் போன அன்று மழை விட்டிருந்தது. ஒரு தெருவின் நீளத்துக்குப் பட்டுப் பாவை நீட்டிக் கட்டி, நாலைந்து பேர் இழை இழையாகச் சீர் செய்துகொண்டிருந்தார்கள். மஞ்சள் வெயிலில் அரக்குச் சிவப்புப் பாவு மின்னியதைச் சொல்லி விளங்கவைக்க முடியாது. பக்கத்து வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர், நாம் நின்று பார்ப்பதைக் கண்டு உள்ளே கூப்பிட்டார். நடுக்கூடத்தில் குழித்தறி, பள்ளத்தில் காலைத் தொங்கவிட்டுக்கொண்டு அவருடைய மருமகள் நெய்துகொண்டிருந்தாள்.

"இந்த மழைக்காலம் எப்படி ஐயா?" என்று கேட்டோம்.

"பள்ளத்திலே ரெண்டு விரக்கடை தண்ணி ஊறினாலும் தறியிலே உக்கார முடியாது சார். தெருவிலே பாவு போடவும் முடியாது. ஐப்பசி, கார்த்திகை எங்களுக்குப் பாதிச் சம்பாத்தியந்தான். இப்பத்தான் நாலு நாளா ஓடுது" என்றார் அவர்.

அவருக்கு இரண்டு பிள்ளைகளாம். மூத்தவன் தறியில் இருக்கிறான். இளையவன் ஒரகடத்துப் பக்கம் மோட்டார் தொழிற்சாலையில் வேலைக்குப் போகிறான். "மாசம் பொறந்தா அவனுக்குப் பணம் வந்துடுது. தறிக்கு வாடான்னு நான் எந்த வாயாலே சொல்றது?" என்று அவர் கேட்டதற்கு நம்மிடம் பதில் இல்லை. பள்ளிக்கூடத்தில் நாமே எத்தனை நெசவாளர் பிள்ளைகளுக்கு, நன்றாகப் படித்து வேறு வேலைக்குப் போ என்று புத்தி சொல்லியிருக்கிறோம்! அந்தப் புத்தி சரியானதே. இருந்தாலும் அதை அந்தக் கூடத்தில் உட்கார்ந்துகொண்டு உரக்கச் சொல்ல மனம் வரவில்லை.

கோர்வை என்றால் என்னவென்று அவர் தறியிலேயே காட்டினார். புடவையின் உடலுக்கு ஒரு நாடா, இரு கரைகளுக்கு இரண்டு நாடா, ஆக மூன்று நாடாக்கள். உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். ஒவ்வொரு ஓட்டத்திலும் உடலின் ஊடை இழையும் கரையின் ஊடை இழையும் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு திரும்ப வேண்டும். இதற்குத் தறியில் இரண்டு ஆட்கள் தேவை. மாமனாரும் மருமகளும் மாறி மாறி நாடா எறிந்ததைக் கண்டபோது, ஒரு வார்த்தை பேசாமலே இரண்டு பேர் எவ்வளவு பேசிக்கொள்ள முடியும் என்று தோன்றிற்று. ஒரு புடவை முடிய, வேலைப்பாட்டுக்குத் தக்கபடி பத்து நாளும் ஆகலாம், ஒரு மாதமும் ஆகலாம். பட்டு கர்நாடகத்திலிருந்தும், ஜரிகையில் பெரும்பகுதி சூரத்திலிருந்தும் வருகின்றன. கை மட்டும் காஞ்சியினுடையது. 2005-06-இல் புவிசார் குறியீடு கொடுத்துச் சட்டம் பாதுகாப்பது அந்தக் கையைத்தான்.

அவரிடமே ஒரு புடவையை நேராக வாங்கிக்கொள்ளலாமா என்று விசாரித்தோம். அவர் சிரித்துவிட்டார். பட்டும் ஜரிகையும் கூட்டுறவுச் சங்கம் கொடுக்கிறது. நெய்து கொடுத்தால் கூலி. தறியில் இருப்பது அவருடைய உழைப்பே தவிர அவருடைய சொத்து அன்று. ஆகவே நெசவாளர் வீட்டு வாசலில் நின்று பேரம் பேசி மலிவாக வாங்கிவிடலாம் என்ற எண்ணத்தோடு வருபவர்கள் அதை ரயிலிலேயே விட்டுவிட்டு வரவேண்டும். சங்கத்தின் விற்பனை நிலையத்துக்குப் போய், பட்டு முத்திரையும் கைத்தறி முத்திரையும் இருக்கின்றனவா என்று பார்த்து, ரசீது கேட்டு வாங்குவதே உத்தமம். கடையில் கோர்வைப் புடவை என்று சொன்னால், புடவையைத் திருப்பி, கரையும் உடலும் சேரும் இடத்தைப் பார்க்க வேண்டும். இரண்டு நிறமும் ரம்பப் பல் போலக் கோத்துக்கொண்டிருக்கும். சுத்த ஜரிகையைச் சற்றுச் சுரண்டினால் உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரியும். விசைத்தறியில் நெய்ததைக் கைத்தறி என்று சொல்லி விற்கும் வியாபாரம் அந்த ஊரிலேயே நடக்கிறது. கேள்வி கேட்கிற வாடிக்கைக்காரர் ஒருவர் வந்தால் அந்தப் பெரியவரைப் போன்றவர்களுக்கு ஒரு நாள் வேலை கூடுகிறது என்று இல்லத்தரசிக்கு எடுத்துச் சொன்னோம். அவர், "கேள்வி கேட்க எனக்கா சொல்லித்தர வேண்டும்?" என்றார்.

அன்று பிற்பகல் வேகவதிக்கு அப்பாலுள்ள திருப்பருத்திக்குன்றத்துக்குப் போய்வரலாம். ஜின காஞ்சி என்று பெயர் பெற்ற இடம். விஜயநகர மந்திரி இருகப்பர் 1387-இல் கட்டுவித்த சங்கீத மண்டபத்தின் விதானத்தில் தீர்த்தங்கரர்களின் சரித்திரத்தை வண்ணச் சித்திரங்களாகத் தீட்டியிருக்கிறார்கள். கழுத்து வலிக்கும், பாதகமில்லை.

மாலையில் முதலில் வைகுண்டப் பெருமாள் கோயில். இரண்டாம் நந்திவர்மன் எட்டாம் நூற்றாண்டில் எடுப்பித்த பரமேசுவர விண்ணகரம் இது. மூன்று நிலைகளில் பெருமாள் நின்றும் இருந்தும் கிடந்தும் சேவை சாதிக்கும் அழகைப் பக்தர்கள் அறிவார்கள். சுற்றுத் திருமாளிகைச் சுவரில் பல்லவ வம்சத்தின் சரித்திரமே வரிசையாகச் செதுக்கப்பட்டிருப்பதைப் பலர் கவனிப்பதில்லை. அரசன் இரண்டாம் பரமேசுவரவர்மன் வாரிசின்றி இறந்ததும், காஞ்சியிலிருந்து பெரியோர் சிலர் ஹிரண்யவர்மனிடம் போய், நாட்டை ஆள ஒரு பிள்ளை வேண்டும் என்று கேட்டார்கள். மூத்த பிள்ளைகள் மூவரும் மறுத்துவிட, பன்னிரண்டு வயதுப் பல்லவமல்லன் நான் போகிறேன் என்று எழுந்து நின்றான். அவனே நந்திவர்மன். நம் சிரஞ்சீவிக்கும் பன்னிரண்டு வயது நிறைந்திருக்கிறது. தெருக்கோடிக் கடைக்குத் தனியே போய் உப்பு வாங்கிவரத் தயங்குகிறான். அந்தச் சிற்பத்தின் முன் அவனைச் சற்று நேரம் நிறுத்தி வைக்க உத்தேசம்.

அதன்பின் வரதர். 1979-இல் அத்தி வரதர் அனந்தசரஸ் தீர்த்தத்திலிருந்து எழுந்தருளியபோது நம் தாயார் நம்மைக் கைக்குழந்தையாக இடுப்பில் வைத்துக்கொண்டு போய்ச் சேவித்தாராம். நாமும் தரிசித்தோம் என்பது அவர் வாக்கு, நமக்கு நினைவில்லை. நாற்பது வருஷத்துக்கு ஒரு முறை நடக்கும் அந்த வைபவம் மறுபடி 2019-இல் ஜூலை 1 முதல் ஆகஸ்டு 17 வரை 48 நாள் நடந்தது. ஏறத்தாழ ஒரு கோடி ஜனங்கள் வந்ததாகச் சொன்னார்கள். எழுபது வயதானவரை அந்தக் கூட்டத்துக்குள் அழைத்துப்போக நமக்குத் துணிவு வரவில்லை. அவரும் வற்புறுத்தவில்லை. தொலைக்காட்சிப் பெட்டியின் முன் கைகூப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அடுத்த முறை 2059. இந்தக் கணக்கை வீட்டில் யாரும் வாய்விட்டுப் போடுவதில்லை. எனவே, இப்பயணத்தில் மூலவர் தரிசனம் ஆனதும் குளக்கரையில் அவர் வேண்டிய மட்டும் உட்கார்ந்திருக்கட்டும் என்று ஒரு மணி நேரத்தைத் தனியாக ஒதுக்கி வைத்திருக்கிறோம். நூற்றுக்கால் மண்டபத்துக் கல் சங்கிலியையும் யாளிகளையும் அந்நேரத்தில் குழந்தைகள் பார்த்துக்கொள்வார்கள். கோயில் இட்லியும் கிடைத்தால் நல்லது. மிளகு, சீரகம், சுக்கு, பெருங்காயம், நெய் எல்லாம் சேர்த்து, மந்தாரை இலை பரப்பிய மூங்கில் குடலையில் வேகவைப்பது அது. நம் வீட்டு இட்லியைப் போல் பஞ்சாக இராது. ஆனால் மறுநாளும் கெடாது.

மூன்றாம் நாளுக்குத்தான் போட்டி. காஞ்சிக்குத் தெற்கே பாலாற்றைக் கடந்தால் மாமண்டூர்; அங்கே மகேந்திரவர்மன் காலத்துக் குடைவரைகளும், சித்திரமேக தடாகம் என்று பழம் பெயர் கொண்ட பெரிய ஏரியும் உண்டு. உத்தரமேரூருக்குப் போனால் பராந்தக சோழன் காலத்தில் 919, 921 ஆகிய ஆண்டுகளில் வெட்டிய குடவோலைக் கல்வெட்டுகள். இன்னும் தள்ளிப் போனால் வேடந்தாங்கலில் இந்த மாதங்களில் நீர்ப்பறவைகள் ஆயிரக்கணக்கில் வந்திருக்கும். மூன்றுக்குமே நம் வோட்டு உண்டு. எனினும் கூரத்தை விட்டுக்கொடுக்கச் சம்மதமில்லை.

கூரம், காஞ்சிக்கு வடமேற்கே ஏறக்குறைய பத்து கிலோமீட்டரில் உள்ள சிற்றூர். நாம் ஏறிய ஆட்டோக்காரர், "கூரமா? அங்கே என்ன சார் இருக்குது?" என்று கேட்டார். நகரத்து இரைச்சல் பின்தங்கியதும் சாலையின் இருபுறமும் வயல்கள். பயிரின்மேல் பனி இன்னும் உலராத வேளை. ஊருக்குள் பல்லவர் சிவன் கோயிலைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். வித்யாவினீத பல்லவ பரமேசுவர கிருஹம் என்பது அதன் பழம் பெயர். இவ்வளவு நீண்ட பெயருக்கு இவ்வளவு சிறிய கோயிலா என்று முதலில் ஏமாற்றமாக இருக்கும். பின்புறம் அரைவட்டமாக, யானை படுத்திருப்பதைப் போன்ற தூங்கானை மாட அமைப்பு. சிகரம் காலத்துக்குத் தப்பவில்லை. சுவர் முழுதும் கருங்கல் பலகைகள்.

இதை எழுப்பியவன் முதலாம் பரமேசுவரவர்மன். கைலாசநாதர் கோயில் கட்டிய ராஜசிம்மனின் தகப்பன். மலையைக் குடைந்து கோயில் செய்துகொண்டிருந்த நாட்டில், கல்லை அடுக்கியும் கோயில் எழுப்பலாம் என்று செய்து பார்த்த முதல் முயற்சிகளுள் ஒன்று இது. தமிழ்நாட்டில் இன்று காணக்கூடிய கருங்கல் கட்டடக் கோயில்களில் மிகப் பழையது இதுவே என்று அறிஞர் பலர் கருதுகிறார்கள். முதல் நாள் மகனுடைய பெரிய கோயிலைப் பார்த்துவிட்டு, மறுநாள் தகப்பனுடைய இந்தச் சிறிய கோயிலின் முன் நிற்க வேண்டும். வரிசை மாறினால் சுவை குறையும்.

இவ்வூர்ச் செப்பேடுகளை ஹுல்ட்ஸ் என்ற ஜெர்மானியப் பண்டிதர் 1890-இல் தென்னிந்தியக் கல்வெட்டுகள் முதல் தொகுதியில் வெளியிட்டார். முதற்பகுதி சம்ஸ்கிருதம், பிற்பகுதி தமிழ். சாளுக்கிய முதலாம் விக்கிரமாதித்தன் லட்சக்கணக்கான சேனையோடு வந்தும், கந்தையைச் சுற்றிக்கொண்டு ஓடிப்போனான் என்று அதில் பெருமை பேசியிருக்கிறது. அரசனுடைய யானையின் பெயர் அரிவாரணம், குதிரையின் பெயர் அதிசயம் என்பதுகூடச் சொல்லப்பட்டிருக்கிறது. கைலாசநாதர் தூணில் தயாளனாகக் காட்சி கொடுக்கும் இரண்டாம் விக்கிரமாதித்தன், கந்தையோடு ஓடியதாகச் சொல்லப்படும் இவனுடைய கொள்ளுப்பேரன். இரண்டு ஏட்டையும் சேர்த்துப் படித்தால்தான் கதை முழுமையாகும்.

போர் விஷயம் இருக்கட்டும். பரமேசுவர மங்கலம் என்ற கிராமத்தை அரசன் 25 பங்காக வகுத்துக் கொடுத்த விவரம் அதில் இருக்கிறது. மூன்று பங்கு கோயில் பூஜைக்கும் பராமரிப்புக்கும். இருபது பங்கு நான்கு வேதமும் கற்ற இருபது பேருக்கு. மீதம் இரண்டில் ஒன்று, மண்டபத்தில் தண்ணீரும் நெருப்பும் வைப்பதற்கு. இன்னொன்று அந்த மண்டபத்தில் பாரதம் வாசிப்பவருக்கு! பாலாற்றிலிருந்து வாய்க்கால் வெட்டி நிரப்பிய ஏரியைப் பற்றியும் கூறப்பட்டிருக்கிறது. தாகத்துக்குத் தண்ணீர், குளிருக்கு நெருப்பு, கேட்பதற்குக் கதை. 1,300 வருஷங்களுக்கு முன் ஒரு மார்கழி இரவில் கூரத்து ஜனங்கள் போர்த்திக்கொண்டு உட்கார்ந்து, துரோணரின் கதையையோ கர்ணனின் கதையையோ கேட்டிருப்பார்கள். வாசித்தவர் பெயர் நமக்குத் தெரியவில்லை. சம்பளம் மட்டும் செப்பேட்டில் நிற்கிறது. உபாத்தியாயர் சம்பளத்தை ஓர் அரசாங்கம் உலோகத்தில் எழுதிக் கொடுத்த செய்தியை நாம் பள்ளிக்கூடத்தில் சொன்னபோது, சக ஆசிரியர்கள் பெருமூச்சு விட்டார்கள்.

வைணவர்களுக்குக் கூரம் வேறொரு காரணத்தால் புண்ணிய பூமி. இராமாநுஜரின் பிரதான சீடரான கூரத்தாழ்வான் பதினோராம் நூற்றாண்டில் அவதரித்த ஊர் இது. ஆதிகேசவப் பெருமாள் கோயிலில் அவருக்குச் சந்நிதி உண்டு. அவருடைய கதையை நம் தாயார் சொல்லிக் கேட்க வேண்டும். ஆழ்வான் பெருஞ்செல்வர். பகலெல்லாம் வந்தவர்க்கெல்லாம் அன்னமிட்டு இரவில் அவர் வீட்டுக் கதவைச் சாத்துகிற சத்தம் காஞ்சி வரையில் கேட்டதாம். பெருந்தேவித் தாயார் அது என்ன ஓசையென்று கேட்டதாக அறிந்ததும், தம் செல்வம் இவ்வளவு சத்தம் போடுகிறதா என்று வருந்தி, எல்லாவற்றையும் துறந்து ஸ்ரீரங்கத்துக்குப் புறப்பட்டார். காட்டு வழியில் மனைவி ஆண்டாள், "பயமாக இருக்கிறதே" என்றார். "மடியில் ஏதாவது வைத்திருக்கிறாயா?" என்றார் ஆழ்வான். அவருக்கு அமுது செய்விக்க வேண்டுமே என்று ஒரே ஒரு பொன் வட்டிலை எடுத்து வந்திருந்தார் அந்த அம்மாள். அதையும் வாங்கித் தூர எறிந்தபின் பயம் போயிற்று.

பிற்காலத்தில் ஆழ்வான் சோழன் சபையில் தம் இரு கண்களையும் இழந்தார். காட்டிக்கொடுத்தவன் நாலூரான். வருஷங்கள் கழித்து, வரதரைப் பாடிக் கண்ணைக் கேட்டு வாங்கிக்கொள்ளும்படி இராமாநுஜர் ஆணையிட்டார். ஆழ்வான் வரதராஜ ஸ்தவத்தைப் பாடினார். என்ன வேண்டும் என்று பெருமாள் கேட்டபோது, நான் பெறும் பேற்றை நாலூரானும் பெறவேண்டும் என்றாராம். குருபரம்பரை கூறும் இந்த இடத்துக்கு வரும்போது நம் தாயாரின் குரல் தழுதழுத்துவிடும். கூரத்துக்கும் போகிறோம் என்று கேட்டதிலிருந்து அவர் முழங்கால் வலியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. மார்கழியில் செல்ல இயலாதவர்கள், ஆழ்வானின் திருநட்சத்திரமான தை ஹஸ்தத்தை ஒட்டிப் போகலாம். அப்போது ஊர் உற்சவக் கோலத்தில் இருக்கும்.

சௌகரியங்களைப் பற்றிச் சில வார்த்தை. கூரத்துக்குப் பேருந்தை நம்பாமல், போக வரப் பேசிக்கொண்டு ஆட்டோவிலோ வாடகை மோட்டாரிலோ போவது நலம். கோயில் எந்நேரமும் திறந்திருக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது; காலை எட்டு மணிக்குள் போய், விசாரித்துத் திறக்கச் சொல்ல வேண்டும். சாப்பாட்டுக்குக் காஞ்சிக்கே திரும்பிவிட வேண்டும். மார்கழிப் பனிக்குத் தாயாருக்கு ஒரு கம்பளியும், ஈரப் பிராகாரத்தில் நடப்பதற்கு எல்லோருக்கும் நிதானமும் அவசியம். மாலை ரயிலில் புறப்பட்டால் இரவு உணவுக்கு வீடு வந்து சேரலாம்.

ஊர் திரும்பியபின் இன்னும் ஒரு பாக்கி உண்டு. கூரத்தில் கிடைத்த பல்லவர் காலத்து நடராஜர் செப்புத் திருமேனி சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நடராஜர் திருமேனிகளுள் மிகப் பழையவற்றில் அது ஒன்று. தில்லையில் கண்டு பழகிய ஆனந்த தாண்டவம் அன்று. முழங்காலை உயரத் தூக்கிய ஊர்த்துவஜாநு நிலை. குழந்தைகளுக்கு அந்த ஊரின் வயலும் கல்லும் கண்ணில் இருக்கும்போதே அதைக் காட்டிவிட வேண்டும் என்று நான்காவது நாளைக் குறித்து வைத்தோம். நாட்காட்டியைப் பார்த்தால் அது வெள்ளிக்கிழமை. அருங்காட்சியகத்துக்கு வார விடுமுறை. ஆகவே பயணத்தையே ஒரு நாள் முன்னதாகத் தள்ளி, மறுபடியும் சபை கூட்டித் தீர்மானம் செய்தாயிற்று. விடைத்தாள் கட்டுகளில் இரண்டு மட்டும் இன்னும் பாக்கி நிற்கின்றன.